சும்மா நிற்கும் இருபது பேர்

என் மகளின் விலை மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரிங்கிட். அந்த விலையைச் சொன்னவன் நான்தான். இடம், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இருக்கும் என் துணிக்கடையின் கல்லா. நேரம், நோன்புப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை பகல் பதினொன்று. கடையில் நிற்க இடமில்லை.

ஹனீன் கேட்டது பெரிய விஷயமில்லை. பட்டப்படிப்பு முடித்த பின் மூன்று வருடம் எனக்காகக் கடையைப் பார்த்துக்கொண்டாள். இனி நகரத் திட்டமிடலில் மேல்படிப்புப் படிக்க வேண்டும், இரண்டு வருடம் ஆகும் என்றாள். நான் கால்குலேட்டரை இழுத்தேன். பிரசவ ஆஸ்பத்திரியில் தொடங்கி, பால்மாவு, பள்ளி பஸ், டியூஷன், பல்லுக்குப் போட்ட கம்பி, பல்கலைக்கழகக் கட்டணம் என்று தட்டிக்கொண்டே போய், மொத்தத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். இதைக் கழித்துவிட்டுப் போ என்றேன். புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

பேரம் நடக்கும் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் இது புரியும். முதலில் சொல்லும் விலை ஒரு ஸலாம் மாதிரி. எதிராளி பாதிக்குக் கேட்க வேண்டும். நான் நெஞ்சில் கை வைத்து, கடையை மூடிவிட்டுப் போகவா என்று கேட்க வேண்டும். அவர் வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு தேத்தண்ணி வரும், விலை படியும். ஒரு காசும் கிடையாது என்று ஹனீன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டியிருப்பேன். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்தும் வைத்திருந்தேன். அவள் பதில் விலை கேட்கவில்லை. திரையில் இருந்த எண்ணை ஒரு முறை வாசித்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தாள். வாசல் வரை போனாள். திரும்பவில்லை.

எட்டு மாதம். என் நம்பரைத் தடுத்து வைத்திருந்தாள். அவள் இருக்குமிடம் என் மனைவி சௌதாவுக்குத் தெரியும். வியாழக்கிழமை தோறும் சமையலறைக் கதவைச் சாத்தி, புகை இழுக்கும் விசிறியைப் போட்டுவிட்டு இருவரும் பேசுவார்கள். எனக்கு விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். விசாரித்தால், "அவ நல்லா இருக்கா. அதுக்கு மேல என் வாயக் கிண்டாதீங்க, சத்தியம் பண்ணியிருக்கேன்" என்பாள். ஒரு ஜோடித் தங்க வளையல் வரைக்கும் பேசிப் பார்த்தேன். அடுத்த வாரம் விசிறியை இன்னும் வேகமாக வைத்தாள்.

வழி காட்டியது புனிதா. என் கடையில் பதினாறு வருடமாக இருப்பவள். புடவைப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. பக்கத்து ஊரான மேருவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். அந்த பஸ்ஸில் அவள் கைப்பேசியில் ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம், நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாஸ், நான் சொன்னேன்னு வெளிய வரக் கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கே வேலைய விட்டுருவேன், சொல்லிட்டேன்."

'ஆயிரம் கூரை' என்று ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு ஊர் தருவார்கள். அதில் ஆட்களை வயலுக்கும் காட்டுக்கும் கல் உடைக்கவும் சந்தைக்கும் பிரித்து அனுப்பி ஊரை வளர்க்க வேண்டும். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் நம் ஆட்கள் நாற்பது பேர் அதில் ஒரு கூட்டணி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு, தன் சாப்பாட்டு நேரத்தில், பாடம் சொல்லிக் கொடுப்பவள் அதன் தலைவி. விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயர் கட்பீஸ். பேல், அதாவது துணிக்கட்டு, முடியும்போது மிஞ்சும் துண்டுத் துணியைத்தான் எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வோம். அளவுகூடப் பார்க்காமல் கூடையில் கொட்டி விற்போம். புனிதா சொல்வதற்கு முன்பே அது யார் என்று தெரிந்துவிட்டது.

என் பெயரில் போனால் வாசலிலேயே துரத்துவாள். அதனால் ரெங்கசாமி 61 என்று போனேன். பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அப்படி ஒருவர் நிஜமாகவே உண்டு. வருடத்துக்கு நான்கு வேட்டி வாங்குவார். கைப்பேசியில் அழைப்பு வந்தால் திரையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்பார். பெயரை இரவல் வாங்கியதை அவரிடம் சொல்லவில்லை.

"வாங்க அங்கிள்" என்று எழுதினாள். "முதல்ல ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. சோறு முதல்ல, வீடு ரெண்டாவது, காவல் மூணாவது. சந்தை கடைசிலதான். அப்புறம் எல்லாரையும் வேலைக்குப் போட்டுறாதீங்க. நாலுல ஒரு ஆள் சும்மா இருக்கணும்."

எட்டு மாதத்துக்குப் பிறகு என் மகள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை 'வாங்க'. அதுவும் ரெங்கசாமிக்கு.

ஊருக்கு ஒரு அமைதி முள் உண்டு, காரின் எண்ணெய் முள் மாதிரி. மக்கள் வயிறு நிறைந்து, கூரை இருந்து, கொஞ்சம் காலாட்டிக்கொண்டும் இருந்தால் முள் ஏறும். பசித்தாலோ இடமில்லாமல் நெருக்கினாலோ வேலை மிஞ்சினாலோ இறங்கும். இருபதுக்குக் கீழே போய் ஒரு முழு நாள் அங்கேயே நின்றால் கலகம். களஞ்சியம் எரியும், ஊர் அழியும், ஊர்க்காரர் கூட்டணியிலிருந்து தானாகவே வெளியே போய்விடுவார். பருவம், அதாவது ஆட்டத்தின் அந்தச் சுற்று, முடியும் வரை திரும்பி வர வழி கிடையாது. துணிக்கடை போனால் எனக்கு வேறு கடை கிடைக்கும். இந்த ஊர் போனால் ஒரு மணிக்கு நான் போய் நிற்க இடமில்லை.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்ததைக் கேளுங்கள். முதல் வாரமே எல்லோரையும் சந்தைக்கு அனுப்பினேன். பக்கத்து ஊர்களில் தானியம் குறைந்த நேரம் பார்த்து என் களஞ்சியத்தைத் திறந்து இரட்டை விலைக்கு விற்றேன். வாங்கியவர்களில் புனிதாவும் ஒருத்தி. அன்று முழுக்கக் கடையில் என்னோடு பேசவில்லை. பெட்டி நிறையத் தங்கம், களஞ்சியத்தில் எலிகூட இல்லை. முள் எழுபதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. என் மக்கள் சதுக்கத்தில் கூடிக் கூச்சல் போடுவதைச் சின்னச் சின்னத் தலைகளாகத் திரையில் பார்த்தேன். என் சொந்தக் கடையில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

ரெங்கசாமியின் கதறலைப் பார்த்து அவள் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். நாற்பத்தொரு விநாடி. "அங்கிள், பயப்படாதீங்க. சந்தையில இருக்கறவங்கள்ல பாதிப் பேரைத் திருப்பி வயலுக்கு அனுப்புங்க. தங்கத்த வச்சு யாரும் சோறாக்க முடியாது லா" என்று சிரித்தாள். பேல் அடுக்கும் அறையில் உட்கார்ந்து கேட்டேன். மறுபடி கேட்டேன். குரலில் கொஞ்சம் சளி இருந்தது. பின்னால் ரயில் போகும் சத்தம். சாப்பிட்டுக்கொண்டே பேசியிருக்கிறாள். நாற்பத்தொரு விநாடியில் ஒருவன் எவ்வளவு துணி அளக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதில் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது.

ரெங்கசாமியால் குரலில் பதில் சொல்ல முடியாது. தொண்டையில் ஆபரேஷன் என்று எழுதிவிட்டேன். அதற்கும் அவள் வெந்நீர் குடிக்கச் சொன்னாள்.

அவள் சொன்னபடி செய்ததில் முள் ஐம்பத்தைந்துக்கு ஏறியது. மக்கள் அறுபத்து நாலு பேர் ஆனார்கள். தைரியம் வந்தது. தைரியம் வந்தால் நான் சரக்கை விட்டுவிட்டு ஆளை விசாரிப்பவன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, ரெங்கசாமிக்கும் ஒரு மகள் உண்டு, பேசுவதில்லை என்று எழுதினேன். என்ன செய்தால் பேசுவாள் என்று கேட்டேன். பதில் வந்தது.

"எனக்குத் தெரியல அங்கிள். எங்க வாப்பாகிட்டப் பேசணும்னா முதல்ல ஒரு விலை சொல்லணும். சொல்லிச் சொல்லிக் களைச்சுட்டேன்."

அன்று கல்லாவில் மூன்று பேருக்கு மீதிக் காசைத் தப்பாகக் கொடுத்தேன். நாற்பது வருடத்தில் முதல் தடவை.

அடுத்த புதன்கிழமை இடி விழுந்தது. கூட்டணி முழுமைக்கும் அவள் எழுதியிருந்தாள்: பருவம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது, கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதோடு தலைமையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு விளையாட்டிலிருந்து விலகுகிறாள். அன்றைக்கே விமானம். படிக்கப் போகிறாள். எங்கே என்று எழுதவில்லை. வீட்டுக்கு வந்தால் சௌதாவின் கட்டிலில் கனத்த கம்பளிச் சட்டை ஒன்று, கடைச் சீட்டோடு. கிள்ளான் வெயிலில் அதைப் பார்த்தாலே மூச்சு முட்டும்.

"எந்த ஊருக்கு?" என்றேன்.

"குளிர் ஊருக்கு" என்றாள் சௌதா. கம்பளியை மடித்து என் கண்ணில் படாத அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஒன்பது நாள். ஒன்பது மத்தியானம். அதில் ஒன்றைக்கூட இழக்க முடியாது. ஊரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் அந்த இருபது பேர் என் கண்ணில் பட்டார்கள்.

வயலில் இடமில்லை, காட்டில் இடமில்லை, கல்லுக்கும் ஆள் போதும். மீதி இருபது பேர் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் சின்னதாகக் கொட்டாவிகூட விட்டான். அவள் சொன்ன கணக்குக்கு நாலு பேர் கூடுதல், மற்றபடி அவர்கள் நிற்க வேண்டியவர்கள்தான். நாலில் ஒருவர் சும்மா. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டமில்லாத நேரத்தில் ஆட்கள் சும்மா நின்றால், மடித்து வைத்த புடவைகளில் ஒரு அடுக்கை இறக்கி, உதறிக் கலைத்துவிட்டு, மறுபடி மடிக்கச் சொல்வேன். மடித்ததும் அடுத்த அடுக்கு. புடவைக்கு ஒன்றும் ஆகாது, கையும் சும்மா இருக்காது. வெளியே போகிறவன் பார்த்தால் கடையில் வியாபாரம் நடக்கிற மாதிரியும் இருக்கும். என் வாப்பா எனக்குச் செய்தார், நான் எல்லோருக்கும் செய்தேன். ஹனீன் பதினைந்து வயதில் பள்ளி விடுமுறைக்குக் கடைக்கு வந்தபோது ஒரே அடுக்கை ஒரு மத்தியானத்தில் ஏழு தடவை மடித்திருக்கிறாள். எட்டாவது தடவைக்கு நான் கை வைத்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளை தொழில் கற்றுக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரைச் சுற்றி நான் கூலி கொடுத்துக் கட்டிய சுவர் ஒன்று இருந்தது. நல்ல சுவர். இருபது பேரையும் அனுப்பி அதை இடிக்கச் சொன்னேன். இடித்ததும் கட்டச் சொன்னேன். விளையாட்டில் கூலியோடு வேலை, கூலியில்லாத வேலை என்று இரண்டு பொத்தான் இருக்கும். புதுச் சுவர் வரப்போவதில்லை, பழைய சுவர்தானே, எதற்குக் கூலி என்று இரண்டாவதை அழுத்தினேன். புதன் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை, வெள்ளி ஒரு தடவை. முள் ஐம்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தொன்று என்று இறங்கியது. வேறு எங்கேயோ ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்தேன். வேலை செய்கிறவன் கலகம் பண்ணுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்கு அவள் என் ஊரைப் பார்க்க வந்தாள். தலைவிக்கு அந்த உரிமை உண்டு. ஊரில் நடந்ததெல்லாம் தேதி போட்டு வரிசையாக இருக்கும், அதைப் படிக்கலாம். அவள் வந்திருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி பத்து நிமிடம் எரிந்தது.

"அங்கிள், அந்தச் சுவரை எதுக்கு இடிச்சு இடிச்சுக் கட்டறீங்க?"

நான் யோசிக்காமல் எழுதினேன்: "சும்மாதானே மா நிக்கிறாங்க."

பச்சைப் புள்ளி அணைந்தது. அப்புறம்தான் நான் எழுதியதை நானே வாசித்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே இரண்டு பெண்கள் ஜப்பான் சில்க் அடுக்கை நாலாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அவள் வரவில்லை. மற்றவர்கள் கேள்வி கேட்டு எழுதினார்கள், யாருக்கும் பதில் இல்லை. என்னை வெளியேற்றும் பொத்தான் அவள் கையில் இருக்கிறது. ஒரு விரல் போதும். சுவரை மறுபடி இடிக்கச் சொல்லவில்லை, ஆனால் இருபது பேரையும் அந்த வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை. முள் இருபத்தேழு. விளையாட்டே ஒரு பொட்டலம் விற்றது: 'அமைதிப் படை', நாற்பத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு காசு. ஈட்டியோடு முப்பது பேர் வருவார்கள். பேரம் கிடையாது. வாங்கினேன். முள் இரண்டு புள்ளி ஏறியது. இன்னொன்று வாங்கினேன். யாரோ பிள்ளைகளுக்குச் செய்த விளையாட்டில், அறுபதை நெருங்கும் மனிதன் ஈட்டிக்காரர்களை வாங்கி, தன் மக்கள் வாயை அடைத்துக்கொண்டிருந்தான். ஈட்டிக்காரர்கள் ஆளுக்கு இரண்டு பேர் சோறு சாப்பிடுவார்கள் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் களஞ்சியம் காலி. பதினாலு பேர் பசியில் செத்திருந்தார்கள். முள் இருபத்து மூன்று.

புனிதாவைத் தனியே கூப்பிட்டேன். ஹனீனிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்றேன். என்ன வார்த்தை என்று கேட்டாள். கல்லாமேல் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டினேன்.

"நேத்து எனக்கு போன் பண்ணுச்சு பாஸ்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. கடையில இன்னும் கலைச்சு மடிக்கிறீங்களான்னு. ஆமான்னேன். பொய் சொல்ல வரல."

"அதுக்கு என்ன சொன்னா?"

"கேட்டுட்டு வச்சுருச்சு."

ஆக, தெரிந்துவிட்டது. ரெங்கசாமி செத்தான். அப்படியும் நான் கூட்டணியில் இருந்தேன், அவள் விரல் அந்தப் பொத்தானில் படவில்லை. அது இரக்கமா, மறதியா, இல்லை என்னைப் பார்த்துக்கொண்டே ஊர் சரியட்டும் என்று விட்டுவிட்டாளா என்று எனக்கு எடை போடத் தெரியவில்லை. திங்கள் முழுக்க அந்த மூன்றையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் சொன்ன விலைக்குப் பட்டுப் புடவையைக் கொடுத்து அனுப்பினேன். அவருக்கே சந்தேகம் வந்து, புடவையில் ஏதாவது கறை இருக்கிறதா என்று திரும்பி வந்து பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு எனக்கு மட்டும் எழுதினாள்.

"அங்கிள், ஈட்டிக்காரங்கள அனுப்பிருங்க. சுவர் வேலையில இருக்கற இருபது பேரையும் எடுத்துருங்க. வேற எதுலயும் போடாதீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஊரத் தொடவே தொடாதீங்க."

இன்னும் அங்கிள்தான். என் விரல் தானாகப் போனது.

"பத்துப் பேர் போதுமா மா?"

அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. பேல் அறையில் தனியாக இருந்தேன். இருந்தும் யாரோ என்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எட்டு மாதம் காத்திருந்து, பொய்ப் பெயரில் நுழைந்து, பதினாலு பேரைக் கொன்று, கடைசியில் அவள் நீட்டிய கையில் பாதியைக் கேட்டிருக்கிறேன்.

"இருபது" என்று வந்தது.

பதினைந்து என்று சொல்ல நாக்கு துடித்தது. அதை மறைத்து என்ன பயன், துடிக்கத்தான் செய்தது. 'சரி' என்று எழுதி அனுப்பினேன். என் வாழ்க்கையில் எதிராளி சொன்ன எண்ணுக்கு அப்படியே சரி சொன்னது அதுதான் முதல் தடவை. நிம்மதி வரும் என்று நினைக்காதீர்கள். நஷ்டத்துக்கு விற்ற மாதிரிதான் இருந்தது.

ஈட்டிக்காரர்களை அனுப்பினேன். இருபது பேரையும் எடுத்தேன். அவர்கள் போய்க் கிணற்றடியில் நின்றார்கள். அன்று மாலையே அவர்களில் ஒன்பது பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். கூலி கொடுக்காத ஊரில் கையை விட்டதும் முதலில் நடப்பது அதுதான் போலிருக்கிறது. புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு முள் பத்தொன்பது. திரை சிவப்பாகியது. இருபத்து நாலு மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதற்குள் இருபதைத் தொடாவிட்டால் கலகம், ஊர் இல்லை, வெளியே. அவளுடைய கடைசி இரண்டு மத்தியானமும் போய்விடும்.

ஈட்டிப் பொட்டலம் திரையின் மூலையில் மின்னிக்கொண்டே இருந்தது, இப்போது தள்ளுபடியில். பதினோரு பேரை வயலுக்கு அனுப்பினால் களஞ்சியம் நிறையும் என்று கணக்குச் சொன்னது. தங்கத்தைக் கொடுத்துப் பக்கத்து ஊரில் தானியம் வாங்கலாம். செய்வதற்கு ஆயிரம் இருந்தது. அவள் சொன்னது ஒன்றுதான், தொடாதே. அவள் சொன்னது தப்பாக இருந்தால்? என்னைக் கையால் தள்ளாமல், தானாக விழ வைக்கத்தான் இதைச் சொன்னாள் என்றால்? பேரத்தில் வளர்ந்தவனுக்கு இந்த யோசனை வராமல் இருக்காது. வந்தது. ஒரு மணிக்கு ஒரு தடவையும், இரண்டு மணிக்கு ஒரு தடவையும் பொட்டலத்தின் மேல் விரலை வைத்தேன். இரண்டாவது தடவை எழுந்து போய்க் கைப்பேசியைப் புனிதாவிடம் கொடுத்து, கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவளே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாளை பன்னிரண்டு மணி வரைக்கும் நான் கேட்டாலும் தராதே என்றேன்.

"கெஞ்சினா?"

"அப்பவும்."

"சம்பளத்தப் பிடிப்பேன்னு சொன்னா?"

"அப்பவும்தான் மா."

மூன்று மணிக்குக் கடை ஓய்ந்தது. நான்கு பெண்கள் புடவை மேசையோரம் நின்றார்கள். பழக்கத்தில் என் கை அடுக்கின் மேல் போனது, நின்றது. உட்காருங்கள் என்றேன். ஒருவரும் உட்காரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு புனிதா என் பக்கத்தில் வந்து, காதோரம், "கடைய விக்கப் போறீங்களா பாஸ்? முன்கூட்டியே சொல்லிருங்க, இதுங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கு" என்றாள். இல்லை என்று நம்ப வைப்பதற்குள் ஐந்து மணியாகிவிட்டது. யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததாகச் சொல்ல முடியாது. ஒருத்தி மட்டும் விளிம்பில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கால் விரல்களை நீட்டி மடக்கினாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் புனிதா பெட்டியைத் திறந்தாள். என்னிடம் கொடுக்குமுன் அவளே திரையைப் பார்த்தாள். இருபத்திரண்டு. நான் எதுவும் செய்யாத ஒரு நாளில் மூன்று புள்ளி ஏறியிருந்தது. கிணற்றடியில் பதினோரு பேர் நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. ஒருவன் தரையில் படுத்திருந்தான். முதலில் செத்துவிட்டான் என்று நினைத்தேன், தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்குக் கூட்டணியில் எல்லோருக்கும் கடைசிப் பாடம் சொன்னாள். வீடுகளை எங்கே கட்டுவது, சந்தையைச் சதுக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்றெல்லாம். எனக்கென்று தனியாக ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விலை போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அன்று சமையலறையில் விசிறி வெகுநேரம் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை சௌதா கம்பளிச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினாள். வாசலில் கார் நின்றது. நானும் வரவா என்று கேட்டேன். அவள் என்னைச் சரக்குப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"அவ கூப்பிடல" என்றாள். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "வர வேணாம்னும் சொல்லல. ஆனா கூப்பிடல."

அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதில் பேசி நுழையலாம் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடம் அந்த இடத்தில்தான் பிழைத்தேன். கார்க் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

தொழுகை முடிந்து படியிறங்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. பருவம் முடிந்தால் தலைவி ஒவ்வொரு ஊருக்கும் கணக்கு முடித்து அனுப்ப வேண்டும், அது அவர்கள் வழக்கம். நாற்பது ஊருக்கும் அனுப்பியிருப்பாள். என்னுடையதில் கடைசி நான்கு வரிகள் விளையாட்டு போட்டதல்ல, அவளே தட்டிச் சேர்த்தவை. பதில் எழுதப் பார்த்தேன், கூட்டணி மூடியிருந்தது. கடைக்கு வந்து, கல்லாவில் உட்கார்ந்து, வரிக்கு வரி என் கையால் எடுத்து எழுதினேன்.

ஊர்: ரெங்கசாமி 61
இருந்தவர்கள்: 64
பசியில் இறந்தவர்கள்: 14
விட்டுப் போனவர்கள்: 9
இருப்பு: 41
வேலையில்: 30
சும்மா: 11
அமைதி: 33
விட்டுப் போனவர்களில் திரும்பியவர்கள்: இதுவரை இல்லை
சுவர் கட்டியது: நான்கு தடவை
கூலி கொடுத்தது: ஒரு தடவை
பாக்கி: மூன்று